மூழ்கிப்போன அடகு

ஜூன் மாதம் பிறந்து பள்ளிக்கூடங்கள் திறக்கிற வாரத்தில் நம்முடைய சிறு நகரங்களின் கடைவீதியைச் சற்று நின்று கவனித்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமாகியிருக்கும். நோட்டுப் புத்தகம் விற்கும் கடையில் எவ்வளவு கூட்டமோ, ஏறக்குறைய அவ்வளவு கூட்டம் அடகுக் கடை வாசலிலும் இருக்கும். காதில் கிடந்த தோட்டையோ, கழுத்தில் கிடந்த அரைப் பவுன் சங்கிலியையோ கழற்றிக் கொடுத்துவிட்டு, ரசீதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு அடுத்த கடைக்கு நடக்கிற தாய்மார்களை அங்கே பார்க்கலாம். அந்த ரசீதில் நகையின் எடை, கொடுத்த தொகை, மாத வட்டி, மீட்கவேண்டிய கெடு ஆகிய யாவும் எழுதியிருக்கும். கெடு தாண்டினால் அறிவிப்பு வரும். அதற்கும் போகாவிட்டால் நகை ஏலத்துக்குப் போகும். "நகை மூழ்கிப்போச்சு" என்று நம் வீட்டுப் பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வது அதைத்தான்.

அதே வாரத்தில், அதே ஊரில், ரசீது எழுதப்படாத வேறோர் அடகும் நடைபெறுகிறது. ஒன்பதாம் வகுப்பில் உட்காரவேண்டிய பையன் ஒருவன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் எண்ணெய்க் கையோடு நிற்கிறான். எட்டாம் வகுப்பு முடித்த பெண் ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் தண்ணீர் பிடிக்கவுமாக வீட்டோடு தங்கிவிடுகிறாள். இங்கே எடை போடுகிறவர் இல்லை. வட்டி இன்னதென்று சொல்லுகிறவர் இல்லை. கெடு என்று ஒரு தேதியும் இல்லை. வைக்கிறவர் ஒருவர், வட்டி கட்டுகிறவர் வேறொருவர், மூழ்கிப்போன செய்தி வீட்டுக்கு வந்து சேர்வதோ பதினைந்து இருபது வருஷங்களுக்குப் பிறகு. பள்ளிப் படிப்பை நடுவில் விட்டுவிடுவதன் விளைவுகளைப் பற்றி ஆலோசிக்கப் புகும்போது நாம் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இதுவேயாகும். தீயில் கை வைத்தால் அக்கணமே சுடுகிறது. ஆகையால் தவழும் குழந்தைகூடத் தீயை அறிந்துகொள்கிறது. இந்தத் தீயிலோ வைக்கிற கை ஒன்று, சுடுகிற கை மற்றொன்று. அதனாலேயே தலைமுறை தலைமுறையாக நாம் அதை அறிந்துகொள்ளாமல் இருக்கிறோம்.

ஒரே நாளில் நிற்பதில்லை

அரசாங்கக் காகிதங்களில் இதற்கு 'இடைநிற்றல்' என்று பெயர். பெயரைக் கேட்டால், ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவழியில் சட்டென்று நின்றதுபோலத் தோன்றும். உண்மையில் எந்தக் குழந்தையும் ஒரே நாளில் நிற்பதில்லை. திருவிழாவுக்கு ஊருக்குப் போய் நாலு நாள், அம்மை போட்டு இரண்டு வாரம், கதிர் அறுப்பில் ஒரு வாரம், செங்கல் சூளைக்குப் பெற்றோர் போகும்போது கூடவே போய் இரண்டு மாதம் என்று துண்டு துண்டாக நாட்கள் விடுபட்டுப்போக, திரும்பி வந்து பார்க்கையில் கணக்கில் பின்னம் முடிந்து தசமம் நடந்துகொண்டிருக்கிறது. கேட்ட கேள்விக்கு விடை தெரியாமல் எழுந்து நின்றால் பக்கத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி மறுநாள் வயிற்றுவலி வருகிறது. வயிற்றுவலியால் விடுபட்ட பாடம் மேலும் ஒரு சிரிப்புக்கு இடம் வைக்கிறது. வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் எடுக்கப்படுவது இந்தத் தொடரில் கடைசிக் காரியம். அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே பையன் வகுப்பைவிட்டுப் போய்விட்டான். உடம்பு மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

இது நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. இந்தியாவில் கல்வியின் நிலையை ஆராய்வதற்காக ஸர் பிலிப் ஹார்ட்டாக் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1929-ஆம் ஆண்டில் தந்த அறிக்கையில் இரண்டு சொற்களை எடுத்து வைத்தது. ஆரம்பப் படிப்பை முடிக்காமலே குழந்தை போய்விடுவதை 'விரயம்' என்றும், ஒரே வகுப்பில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடப்பதைத் 'தேக்கம்' என்றும் அது குறித்தது. முதல் வகுப்பில் சேர்ந்த 100 பையன்களில் நான்காம் வகுப்பைக் கண்டவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது அக்குழு காட்டிய கணக்கு. நாலு வருஷமாவது தொடர்ந்து படிக்காத பிள்ளைக்கு எழுத்து நிலைத்து நிற்காதென்றும், கற்ற சொற்பமும் உபயோகமின்றி மறந்துபோய் அவன் மீண்டும் கைநாட்டாகவே ஆகிவிடுகிறானென்றும் அக்காலத்துக் கல்வி அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். பாதி கட்டிய வீட்டில் பாதி வீடு மிஞ்சும். பாதி படித்த படிப்பில் அவ்வாறு பாதியும் மிஞ்சுவதில்லை என்பதே அந்தக் கவலையின் சாரம்.

அன்று நான்காம் வகுப்பு வாசலில் நடந்தது, இன்று ஒன்பதாம் வகுப்பு வாசலுக்கு இடம் மாறியிருக்கிறது. பதினான்கு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்கப் பத்து வருஷங்களுக்குள் முயலவேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தின் 45-ஆவது பிரிவு 1950-லேயே கூறிற்று. பத்து வருஷம் அறுபது வருஷமாக நீண்டு, 2009-இல் நிறைவேறிய கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் பயனாகவும், அதற்கு முன்னரே இங்கு நடந்த பல முயற்சிகளின் பயனாகவும், தமிழ்நாட்டில் இன்று முதல் வகுப்பில் சேராத குழந்தையைத் தேடித்தான் காணவேண்டும். ஆனால் சட்டத்தின் கை பதினான்கு வயதோடு, எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதுவரையில் தோல்வி என்பதை அறியாமல் வகுப்பு வகுப்பாக நகர்ந்து வந்த பையன், உள்ளுக்குள் சேர்ந்திருந்த தேக்கம் முழுவதையும் சுமந்துகொண்டு, முதன்முதலாகத் தேர்வு அவனைத் தடுத்து நிறுத்தக்கூடிய இடத்துக்கு வந்து சேர்கிறான். கூலி வேலைக்கு உடம்பு தேறுவதும் அந்தப் பிராயத்தில்தான்; பெண் பெரியவளாவதும் ஏறக்குறைய அந்தப் பிராயத்தில்தான். மூன்று வழிகள் கூடும் அந்த முச்சந்தியில் கூட்டத்தோடு கூட்டமாகக் குழந்தைகள் காணாமற்போகிறார்கள்.

சனிக்கிழமைச் சம்பளம்

திருப்பூரைப் போன்ற தொழில் ஊர்களில் வாரக் கூலியைச் சனிக்கிழமை மாலையில் கொடுப்பது வழக்கம். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கும் 'கைமடி' வேலைக்குப் போன பையன், முதல் சனிக்கிழமைச் சம்பளத்தைக் கொண்டுவந்து தாயின் கையில் வைக்கும்போது அந்த வீட்டில் உண்டாகிற மகிழ்ச்சியை நாம் அலட்சியமாகப் பேசக்கூடாது. வட்டிக்கடைக்காரன் கதவைத் தட்டாத ஒரு வாரம், மளிகைக் கடையில் பாக்கியில்லாமல் வாங்கிய ஒரு படி பருப்பு, தங்கைக்கு ஒரு ரிப்பன் என்று அந்தப் பணத்துக்குக் கண்ணால் காணத்தக்க பலன்கள் உண்டு. அதற்கு எதிரே பள்ளிக்கூடம் எதைக் கொண்டுவந்து வைக்கமுடியும்? இருபது வருஷம் கழித்துக் கிடைக்கக்கூடிய ஏதோ ஒன்றைத்தான். பசித்தவன் முன்னால் இலையும் சோறும் ஒரு பக்கம், விதைநெல் ஒரு பக்கம் வைத்தால் அவன் எதன் பக்கம் கை நீட்டுவான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

ஆயினும் கூலி வேலைக்கு ஒரு குணம் உண்டு. அதன் உயரம் முதல் சில வருஷங்களிலேயே முடிந்துபோகிறது. பதினாறு வயதில் தன் வகுப்புத் தோழர்களைவிடக் கையில் காசு புழங்குகிறவனாக இருந்தவன், இருபத்தைந்தில் அவர்களோடு சமமாகி, முப்பத்தைந்தில் அவர்களைவிட வெகுதூரம் பின்தங்கி, நாற்பத்தைந்தில் இடுப்புவலியோடு மேஸ்திரியின் தயவை எதிர்பார்த்து நிற்கிறான். கல்வி பெற்றவனுக்கு வயது அனுபவமாகச் சேர்கிறது. உடம்பை மட்டுமே முதலாக வைத்தவனுக்கு வயது நஷ்டமாகச் சேர்கிறது. இந்தக் கணக்கை அந்தச் சனிக்கிழமை மாலையில் எவராலும் போட்டுக் காட்டமுடிவதில்லை.

அவன் எதிரே சாத்தப்பட்ட கதவுகளும் அப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் வேலைக்கு மனுப்போடவும், கிராம நிர்வாக அலுவலர் முதல் இளநிலை உதவியாளர் வரையிலான உத்தியோகங்களுக்குரிய 'குரூப் நாலு' தேர்வை எழுதவும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அவசியம். ஐ.டி.ஐ. என்று நாம் சொல்லுகிற தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பெரும்பாலான பிரிவுகளுக்கு அதுவே படிக்கட்டு. "படிப்பு வராவிட்டால் தொழில் கற்றுக்கொள்ளட்டும்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிற நாம், தொழிலை முறையாகக் கற்பதற்கே படிப்பு வேண்டியிருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

இன்னொரு கதவு விமான நிலையத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களுக்கு வழங்கப்படும் பாஸ்போர்ட்டில், வேலைக்காகச் சில நாடுகளுக்குப் போகுமுன் அரசாங்கத்தின் குடியேற்ற அனுமதி பெறவேண்டும் என்கிற நிபந்தனை சேர்ந்துவிடுகிறது. வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அந்தப் பட்டியலில் அடங்கியவை. நம் ராமநாதபுரத்து, புதுக்கோட்டை, திருச்சிப் பிள்ளைகள் பிழைப்புத் தேடிப் போகிற தேசங்களும் அவையே. எழுத்தறிவு குறைந்தவர்கள் அயல்நாட்டில் ஏமாற்றப்படாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடுதான் அது. ஆனால் அந்த அனுமதியைத் தானாகவே பெறத் தெரியாதவன் தரகரிடம் போகிறான். தரகர் சுற்றுலா விசாவில் அனுப்பிவைக்கிறார். அங்கே போய் இறங்கியபின் சம்பளமும் பாஸ்போர்ட்டும் முதலாளியின் பெட்டியில் இருக்க, புகார் சொல்லவும் வகையற்று நிற்கிறான். ஒன்பதாம் வகுப்பில் விட்ட பாடத்தை அவன் பாலைவனத்தில் படிக்கிறான்.

ஊரிலேயே இருந்தவன் கதை வேறு. திங்கட்கிழமை தோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளன்று அந்த வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். தன் நிலத்தின் பட்டாவைப் பற்றியோ, நின்றுபோன முதியோர் உதவித்தொகையைப் பற்றியோ தன் வாயால் தெளிவாகச் சொல்லத் தெரிந்த மனிதர், அதையே காகிதத்தில் எழுதித் தர வேறொருவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவர் எழுதியது தாம் சொன்னதுதானா என்பதையும் அறியாமல் கையெழுத்தை மட்டும் சித்திரம் வரைவதுபோல் வரைந்து கொடுப்பார். கடன் பத்திரத்திலும், குத்தகை ஒப்பந்தத்திலும், மருத்துவமனைச் சம்மதப் படிவத்திலும் அவர் இப்படித்தான் கையெழுத்திட்டிருப்பார். குடியாட்சி என்பது ஒவ்வொரு குடிமகனும் தன் விஷயத்தைத் தானே எடுத்துச் சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்சி என்றால், இடையில் பள்ளியை விட்டவன் அதில் வாடகைக்குக் குடியிருக்கிறான்.

பெண்ணின் கணக்கு

பையன் பள்ளியை விட்டால் அவன் கூலியாவது வீட்டுக் கணக்கில் ஏறும். பெண் விட்டால் அவள் செய்யும் வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. உயர்நிலைப் பள்ளி அடுத்த ஊரில் இருக்கிறது, பஸ் காலையில் ஒன்று மாலையில் ஒன்று, பள்ளியில் கழிப்பறைக்குக் கதவில்லை, காலம் கெட்டுக் கிடக்கிறது என்ற நியாயங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வயதுக்கு வந்த பெண்ணை வாசற்படிக்குள் நிறுத்திவிடுகின்றன. வீட்டோடு இருக்கும் பெண்ணுக்கு அடுத்த பேச்சு கல்யாணப் பேச்சுதான். 2006-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பவேண்டும் என்று சொல்லுகிறது. பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும்வரையில் அந்தச் சட்டத்துக்கு ஓர் ஆசிரியரும் இருபது தோழிகளும் காவல் இருக்கிறார்கள். பெயர் போனபின் காவலும் போய்விடுகிறது.

கல்யாணச் செலவுக்குப் பணம் சேர்க்கவென்றே பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் நூற்பாலைகளுக்கு அனுப்பும் வழக்கம் ஒன்று கோயம்புத்தூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கங்களில் பரவி, 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரோடு நடைபெற்றதை நாம் அறிவோம். ஆலை விடுதிக்குள்ளேயே தங்கவேண்டும். ஒப்பந்தம் முடிந்த பிறகே மொத்தத் தொகை கிடைக்கும். நடுவில் நோய் வந்து திரும்பினால் அந்தத் தொகையும் சந்தேகம். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து மூன்று வருஷம் கழித்த அந்தப் பிராயம், அவள் பத்தும் பதினொன்றும் பன்னிரண்டும் படித்திருக்கவேண்டிய பிராயம். இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறொன்றும் உண்டு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தமிழ்நாட்டு அரசு 1989-இல் ஒரு திருமண உதவித் திட்டத்தைத் தொடங்கியபோது, குறிப்பிட்ட வகுப்பு வரையில் படித்த பெண்ணுக்கே அவ்வுதவி என்று நிபந்தனை வைத்தது. கல்யாணச் செலவு என்கிற பூதத்தைக் கொண்டே பெண்ணைப் பள்ளியில் இருத்திவைக்கச் செய்த உபாயம் அது. 2022-இல் அத்திட்டம் உருமாறி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டமாயிற்று.

பெண் பள்ளியை விடுவதன் வட்டி அவளோடு நிற்பதில்லை. 1979-ஆம் ஆண்டில் ஜான் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் (நம் திருநெல்வேலிக் கால்ட்வெல் ஐயர் அல்லர்) நைஜீரிய நாட்டுக் கணக்குகளை ஆராய்ந்து, குழந்தைகள் பிழைப்பதற்கும் தாய் பள்ளியில் படித்ததற்கும் உள்ள தொடர்பு, குடும்பத்தின் வருமானம் முதலிய பிற காரணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் வலுவாகவே நிற்கிறது என்று எடுத்துக் காட்டினார். இதன் சூட்சுமத்தை நாம் நம் கண்ணாலேயே காணலாம். மருந்துப் புட்டியின் மேல் எழுதியதைப் படித்து மூன்று வேளையும் கொடுக்கிற தாயும், "ஊசி போட்டும் காய்ச்சல் குறையலையே டாக்டர்" என்று துணிந்து திரும்பக் கேட்கிற தாயும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். படிக்காத தாய்க்கு அன்பு குறைவு என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அன்பு ஆஸ்பத்திரி வாசலில் நாவடைத்து நிற்கிறது. அவளுடைய பிள்ளையின் வீட்டுப் பாடத்தை யார் பார்ப்பது? பெற்றோர் கூட்டத்துக்கு அழைத்தால் கூச்சப்பட்டுப் போகாமல் இருந்துவிடுகிறாள். அந்தப் பிள்ளையும் பின்தங்குகிறது. இப்படி வட்டிக்கு வட்டியாக ஏறித் தாய் விட்ட வகுப்பிலேயே மகளும் விட்டுவிடுகிறாள்.

சிவகாசி சொன்ன பாடம்

தனி வீட்டின் கதை இதுவென்றால், ஓர் ஊரே குழந்தைகளை அடகு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடையே சாட்சி உண்டு. 1920-களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த இரண்டு இளைஞர்களின் உழைப்பால் வறண்ட பூமியில் எழுந்த ஊர் சிவகாசி. அதன் பெருமையைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று. ஆனால் மழை பொய்த்த அந்தச் சீமையில் விடியுமுன்னே தொழிற்சாலை பஸ் கிராமம் கிராமமாக வந்து நண்டுஞ்சிண்டுமான குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் ஒன்றிருந்தது. தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கப் பிஞ்சு விரல்களே ஏற்றவை என்று வாதம் செய்தவர்களும் இருந்தார்கள். குழந்தைகளின் விரல் வேகமானது என்பதைக் காட்டிலும் அதன் விலை மலிவானது என்பதே அந்த வாதத்தின் உட்பொருள்.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், அபாயமான தொழிலில் வைத்திருந்த குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் வீதம் முதலாளி செலுத்தவேண்டும், அப்பணம் அக்குழந்தையின் நலனுக்குப் பயன்படவேண்டும், அக்குழந்தைக்குப் பதிலாக வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வழி காணவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரியவருக்கு வேலை என்ற அந்தக் கடைசிப் பகுதியிலேதான் விவேகம் இருக்கிறது. ஒரு தொழிலில் குழந்தைகள் மலிவாகக் கிடைக்கும்வரையில் அத்தொழிலில் பெரியவர்களின் கூலி உயராது; பெரியவர்களின் கூலி உயராதவரையில் குழந்தைகள் தொழிலுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். வறுமையால் பிள்ளை வேலைக்குப் போகிறான் என்பது பாதி உண்மை. பிள்ளைகள் வேலைக்குப் போவதாலேயே வறுமை அங்கே தங்கியிருக்கிறது என்பது மற்றப் பாதி. சிவகாசிக்கு வந்து பார்த்துப்போன மைரன் வைனர் என்ற அமெரிக்க அறிஞர் 1991-இல் வெளியிட்ட நூலில் இதற்கும் மேலே ஒரு படி சென்றார். இந்தியாவில் கட்டாயக் கல்வி வராததற்குக் காரணம் பணமின்மை அன்று, ஏழையின் பிள்ளை கையால் உழைக்கவே பிறந்தது என்று படித்தவர்கள் மனத்தில் ஊறிக்கிடக்கும் எண்ணமே என்றார் அவர். கசப்பான மருந்துதான், ஆயினும் நம் வீட்டில் வேலைக்கு வந்த சிறுமியின் முகத்தை நினைத்துக்கொண்டு அதை விழுங்கிப் பார்க்கலாம்.

காமராஜர் படித்தாரா?

இந்த விஷயத்தைப் பற்றி எங்கே பேசினாலும், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "காமராஜர் படிச்சாரா?" படிப்பை விடத் துணிந்த ஒவ்வொரு பையனும், அவனை விடவைக்கத் துணிந்த ஒவ்வொரு தந்தையும் எடுத்து வீசுகிற வாதம் இது. இதற்கு நேராகவே விடை சொல்லவேண்டும்.

படிக்கவில்லை. சிறு வயதில் தந்தையை இழந்து, விருதுநகரில் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாமன் துணிக்கடையில் நின்றவர் அவர். ஆனால் அந்த மனிதர் 1954 ஏப்ரலில் முதலமைச்சரானபோது முதலில் கை வைத்த காரியங்களுள் ஒன்று என்ன? பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்கட்டும் என்று முந்திய ஆண்டில் வந்து, குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்ட திட்டத்தை நிறுத்தியது. பிறகு ஊர் ஊராகப் பள்ளிகளைத் திறந்தார். வயிறு காய்கிற பிள்ளை பள்ளிக்கு வராது என்று கண்டு, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு 1956-இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் காலத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் முளைத்த அந்த எண்ணம் மாகாணம் முழுவதும் இலை விரித்தது அப்போதுதான். 1982-இல் அதைச் சத்துணவாகப் பெருக்கிய எம்.ஜி.ஆரும், கும்பகோணத்தில் மிகச் சிறிய பிராயத்திலேயே வறுமையால் பள்ளியை விட்டு நாடகக் கம்பெனிக்குப் போனவரே. தமிழ்நாட்டுப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சோறு போட்ட பெரிய கைகள் இரண்டும் சிலேட்டைப் பறிகொடுத்த கைகளாக இருந்தது தற்செயலாக நடந்ததன்று. தங்கள் அடகு மூழ்கிப்போனதன் விலையை அறிந்தவர்கள் அவர்கள். ஆகையால் அடுத்த வீட்டு நகையை மீட்க ஓடினார்கள். ஏலத்துக்குப் போன நகைகளுள் ஒன்றிரண்டு எப்படியோ கோயிலுக்கு வந்து சுவாமிக்குச் சாத்தப்பட்டிருக்கலாம். அதைக் காட்டி, எல்லோரும் நகையை மூழ்கவிடுங்கள் என்று சொல்வது நியாயமா? காமராஜர் பெயரைச் சொல்லிப் பள்ளியை விடுகிற பையன் அவர் செய்த காரியத்துக்கு எதிராகவே அவர் பெயரைச் சாட்சிக்கு அழைக்கிறான்.

அறிவிப்பு போகிற காலம்

சோறு போட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைக்கலாம் என்பதை நம் மாநிலம் உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 2022 முதல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்திருக்கிறது. வந்த பிள்ளை நிலைத்து நிற்பதற்கோ அது மட்டும் போதாது. விட்டுப்போனவர்களைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதற்கும் சான்று உண்டு. அன்றைய ஆந்திராவின் ரங்காரெட்டி மாவட்டத்தில் சாந்தா சின்ஹா நடத்திய இயக்கம், பள்ளியில் இல்லாத குழந்தை எதுவாயினும் அது தொழிலாளிக் குழந்தையே என்று கொண்டு, வயது மீறிய பிள்ளைகளைச் சில மாதங்கள் முகாமில் தங்கவைத்து, விட்ட பாடங்களைக் கற்பித்து, வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்த்தது. 2003-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. தங்கைகளோடு ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்தால் பன்னிரண்டு வயதுப் பெண் வெட்கத்தினாலேயே மறுநாள் வரமாட்டாள் என்ற சின்ன உண்மையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகள் பின்தங்கியபோது, 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' மாலை நேரத்தில் தெருத் திண்ணைக்கே பாடத்தைக் கொண்டுவந்ததும் இதே விவேகத்தின்பாற்பட்டது. பத்தாம் வகுப்பில் தவறினவர்களுக்கு உடனே துணைத்தேர்வு இருக்கிறது. விட்டு வெகுநாள் ஆனவர்கள் தனித்தேர்வர்களாக எழுதவும் வழி இருக்கிறது. தோல்வியுற்ற பிள்ளை இருக்கும் வீட்டில் அந்த முதல் வாரத்தில் யாராவது ஒருவர் சென்று இதைச் சொன்னால் போதும். பட்டறைக்குப் போகிற பல கால்கள் திரும்பிவிடும்.

முதல் வாரம் என்பதை அழுத்தியே சொல்லுகிறேன். பத்து நாள் வராத பிள்ளையைத் திரும்ப அழைப்பதற்கு ஓர் ஆசிரியரின் மாலை நடை போதும். மூன்று மாதம் வராதவனை அழைக்க அவனுடைய முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், முதலாளியோடு வழக்காடவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, "இனிமேல் போய் என்ன ஆகப்போகுது?" என்று கேட்கிற அவன் மனத்தோடு வழக்காடவேண்டும். மூன்று வருஷம் ஆகிவிட்டால் முகாமும், இயக்கமும், மகசேசே விருது பெறத்தக்க உழைப்பும் வேண்டியிருக்கின்றன. அடகுக் கடைக்காரர் நகை ஏலத்துக்குப் போவதற்கு முன்னாலேயே அறிவிப்பு அனுப்புகிறார். அந்த ஒழுங்கு அவருக்கு இருக்கிறது. பள்ளியிலும் அறிவிப்பு எழுதப்படாமல் இல்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயருக்கு எதிரே வரிசையாக விழுகிற 'ஆப்சென்ட்' குறிகள் அறிவிப்பு அல்லாமல் வேறென்ன? அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள்தான் பல இடங்களில் இல்லை.

அந்தத் தாயிடம் போய், தோடு வைத்த கெடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். முந்தானை முடிச்சை அவிழ்க்காமலே சொல்லிவிடுவாள். மகன் கடைசியாகப் பள்ளிக்கூடம் போனது எந்தத் தேதியில் என்று கேளுங்கள். "மாரியம்மன் கொடை கழிஞ்சு... இல்லை, அதுக்கும் முன்னாடி..." என்று யோசிப்பாள். அது அவள் குற்றமன்று. நகைக்கு எழுதிக் கொடுத்த ரசீதைப்போல அவனுக்கு ஒன்று யாரும் அவளிடம் எழுதிக் கொடுக்கவில்லை.